கோழிக்கூண்டில் ஒரு காங்கஸ்

லென்னி காங்கஸின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலேயே ஸ்விட்சை அழுத்தியது. கோலுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பின் மேல், சிவப்பு விளக்கு பளீரென்று எரிந்தது. அடுத்த மூச்சில் கெட்டில் ஹார்பர் அரங்கத்துக்குள் கரடி மழை பிடித்துக்கொண்டது.

கரடி மட்டுமா? முயல், யானை, காது பிய்ந்த குரங்கு, மேல் வரிசையிலிருந்து இரண்டு ஆட்கள் ஊஞ்சலாட்டி வீசிய கன்றுக்குட்டி அளவு குதிரை. ஊர் ஐஸ் ஹாக்கி அணியான லாந்தர்ஸ் முதல் கோல் போட்டதும் ஆளுக்கொரு பஞ்சு பொம்மையைப் பனித்தளத்தில் எறிய வேண்டும். அதெல்லாம் ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கிற வழக்கம் இது. போன டிசம்பரில் அடித்த புயலில் போர்ட் ஆல்டன் அணியின் பஸ் பாதி வழியில் பனிக்குள் புதைந்துபோக, ஆட்டம் மார்ச் மாதத்துக்கு, பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தள்ளிப்போயிற்று. குளிர்காலம் முழுக்க கார் டிக்கியில் கிடந்த பொம்மைகள். குளிர்காலம் முழுக்க எறியாமல் அடக்கி வைத்திருந்த கைகள். தீர்த்துவிட்டார்கள்.

இதில் சிக்கல் ஒன்றுதான். கோல் விழவில்லை.

பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, குறுக்குக் கம்பியின் மேல்பக்கம் உரசி, வலைக்கூரை மீது கோல்கீப்பர் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை வானத்துக்கு அனுப்பிவிட்டு, ஓரமாய்ப் போய் விழுந்திருந்தது. பாட்டில் துள்ளினால் கோல் என்பது இந்த விளையாட்டில் பல்லி சாஸ்திரம் மாதிரி. கம்பிக்கு அடியில் புகுந்த பக் வலைக்கூரையை உதைக்கும்போதுதான் பாட்டில் துள்ளும். பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். லென்னி பக்கைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்தார். அது அந்தப் பத்தாவது முறை.

நடுவர் டக்கெட் இரண்டு கைகளையும் விரித்து, 'இல்லை, இல்லை' என்று வீசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முழங்காலளவு பஞ்சில் நின்றுகொண்டு கைவீசுகிற மனிதரைப் பார்த்த ஊர், அவரும் சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தியது.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஓஸ்கர் பெரால்ட்டின் குரல் தொண்டையைச் செருமியது. "ரசிகப் பெருமக்களே, ஒரு சின்ன அறிவிப்பு. இப்போது விழுந்தது கோல் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், கோல் அல்ல. எறிந்த பொம்மைகளைத் திரும்பக் கேட்டு யாரும் இறங்கி வர வேண்டாம்."

 பிறகு எல்லாத் தலைகளும், ஏதோ ஒரு கயிற்றில் கட்டி இழுத்ததுபோல, கோலுக்குப் பின்னாலிருந்த கம்பிவலைப் பெட்டியின் பக்கம் திரும்பின. ஊரில் அதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர். கோல் விழுந்ததும் விளக்கைப் போடுகிற விளக்குக்காரர் உட்காரும் இடம். உள்ளே உட்கார்ந்திருந்த லென்னி, தான் கோழியாகவே பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் முடிந்திருக்கும்.

பொம்மைகளை அள்ள ஆட்கள் போர்வைகளோடு ஓடி வந்தார்கள். போர்ட் ஆல்டன் கோல்கீப்பர் ஒவெலெட் மட்டும் அவசரப்படாமல் ஒரு சின்னக் கரடியை எடுத்து, வலைக்கூரை மேல், பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். பிறகு திரும்பி, மட்டையால் கண்ணாடியைத் தட்டினான்.

"தாத்தா, இவன வேணா பக்கத்துல வெச்சுக்கறியா? இவனுக்குக் கண்ணு நல்லா தெரியும். ரெண்டுமே புது பட்டன்."

"பொத்திக்கிட்டு உன் வலையப் பாருடா."

"நான் பாக்கறேன். நீயும் பாத்தா நல்லாயிருக்கும்."

டக்கெட் சறுக்கிக்கொண்டு வந்து கூண்டின் முன் நின்றார். முகத்தில் கோபமில்லை, அதுதான் லென்னிக்குச் சுருக்கென்றது.

"மேல பட்டுதுப்பா."

"பாட்டில் துள்ளுச்சு சார்."

"பாட்டிலுக்கு நாங்க கோல் குடுக்கறதில்ல." டக்கெட் பெருமூச்சு விட்டார். "கோல் இல்லாம தளத்துல பொருள் எறிஞ்சா உங்க அணிக்குத்தான் தண்டனை. எனக்கு ஆசையில்ல. விதி."

அந்தத் தண்டனையில் லாந்தர்ஸ் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டியிருந்தது. போர்ட் ஆல்டன் அந்த நேரத்துக்குள் எதிர் முனையில் ஒரு கோல் போட்டது. அங்கே விளக்கைப் போட்டவர் லென்னியின் பல் வைத்தியர். சரியாகப் போட்டார்.

*

இன்றைக்கு என்ன பணயம் என்பது அரங்கத்தில் இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். லாந்தர்ஸ் ஜெயித்தால் இறுதிச் சுற்று. சமன் என்றால்கூட போர்ட் ஆல்டனுக்குப் போதும், இவர்களுக்குப் பத்தாது. இந்த லீக்கில் கூடுதல் நேரமும் கிடையாது, ஆளுக்கொரு அடி அடித்துத் தீர்க்கிற வேலையும் கிடையாது. மணி அடித்தால் அடித்ததுதான்.

இறுதிச் சுற்று என்பது இந்த அணிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சம் போதும்; ஏனென்றால் கோப்பை விஷயத்தில் அது கொஞ்சம்தான். செம்புச் சுரங்கத்துக்காரர்கள் தாதுக் கொட்டகை ஒன்றில் தண்ணீரை ஊற்றி உறையவிட்டு, உத்திரத்தில் லாந்தர்களைத் தொங்கவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். பெயர் அப்படி வந்தது. சுரங்கம் மூடியது, அணி மூடவில்லை. ஒரு பல் வைத்தியர் வாங்கினார், ஒரு பீட்சா கடைக்காரர் வாங்கினார், பிறகு சவ அடக்கம் செய்கிறவர் ஒருவர் வாங்கினார். அவர்தான் இருந்ததிலேயே நல்ல முதலாளி. உயிரோடு இருப்பவர்களிடம் லாபம் எதிர்பார்க்க மாட்டார். ஆடிய லீக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. லாந்தர்ஸ் மட்டும் ஒவ்வொரு சாவு வீட்டிலும் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு தடவை, ஐம்பத்தாறாம் வருஷம், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. கடைசி நிமிஷம். ஹார்வி பொல்கிங்ஹார்ன் அடித்தார். மட்டையை வானத்துக்குத் தூக்கினார். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த விளக்குக்காரர், லென்னியின் அப்பா வைனோ காங்கஸ், விளக்கைப் போடவில்லை. உள்ளே போகவில்லை என்றார். கோப்பை போயிற்று.

ஹார்வி மட்டையைத் தூக்கி நிற்கிற புகைப்படம் இன்றைக்கும் அரங்க வாசலில் மாட்டியிருக்கிறது. புகைப்படக்காரன் ஹார்வியின் முகத்தை அழகாகப் பிடித்திருக்கிறான், பல் இல்லாத இடம்கூடத் தெரிகிறது. வலை மட்டும் சட்டத்துக்கு வெளியே. ஆகவே உள்ளே போயிற்றா இல்லையா என்பதை ஊர் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேசித் தீர்க்கவில்லை. வைனோவை அதற்காக யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் சாகும்வரை அவரிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்த பையன் வேறு எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கலாம். லென்னிக்கு அந்தப் புத்தி இல்லை. கூண்டு காலியானபோது, 'நான் உக்காரறேன்' என்று கையைத் தூக்கினார். போதாததற்கு அவருடைய மகள் ரூத், ஊரில் வேறு ஆண்பிள்ளையே இல்லாததுபோல, ஹார்வியின் பேரன் கர்ட் பொல்கிங்ஹார்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தில் ஓஸ்கர் பெரால்ட் மதுக் கோப்பையைத் தூக்கி, 'ஒரு வழியா ஒரு பொல்கிங்ஹார்ன் அடிச்சது காங்கஸ் வீட்டுக்குள்ள போயிருச்சு' என்றார். பாதிரியார்கூடச் சிரித்தார். லென்னிதான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

கர்ட் இப்போது லாந்தர்ஸ் தலைவன். இரண்டு முழங்காலும் போய்விட்டன. இந்தப் பருவத்தோடு முடிந்தது என்று வைத்தியர் சொல்லியாயிற்று. ஜெயித்தால் அவனுக்கு இன்னும் சில ஆட்டங்கள் உண்டு. இல்லாவிட்டால் இன்றைய மணியோடு சரி.

முதல் பகுதி முடிந்து காபி வாங்கப் போன லென்னிக்கு வரிசையில் இடம் விட்டார்கள். அது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"அப்பன் உள்ள போனதுக்கு விளக்குப் போடல. மகன் போகாததுக்குப் போடறான்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "சராசரி பாத்தா குடும்பம் சரியாத்தான் இருக்கு."

வரிசை குலுங்கியது. லென்னியும் சிரித்தார். அவரே சொல்லியிருக்க வேண்டியது, யாரோ முந்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே ஒரு பெண் அருகில் வந்தாள். அவளுடைய சின்னவன் லென்னி ஓட்டுகிற பள்ளி பஸ்ஸில் வருகிறவன்.

"லென்னி, நாளைக்கு எங்க பையன நானே ஸ்கூல்ல விட்டுடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"என் வழியிலதானம்மா உன் வீடு."

"அதுக்கில்ல. எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கு." அவள் அவர் கண்ணைப் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். "பனி வேற இன்னும் கரையல. நாளைக்கும் விழும்போலத்தான் இருக்கு, இல்ல?"

வானிலை. லென்னி காபியைக் குடிக்காமலே கூண்டுக்குத் திரும்பினார்.

*

இரண்டாம் பகுதியில் லாந்தர்ஸ் எதிர் முனையில் ஒரு கோல் போட்டது. சுத்தமான கோல். எறிய யாரிடமும் பொம்மை இல்லை. ஒரு கிழவர் மட்டும் ஆசை தாங்காமல் தன் இடது கையுறையை எறிந்தார். பிறகு குளிரில் அந்தக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் பகுதி. ஒன்றுக்கு ஒன்று. ஒவெலெட் மறுபடி லென்னியின் எதிரே வந்து நின்றான். கரடியை இன்னும் எடுக்கவில்லை.

"தாத்தா, பயப்படாத. நான் எதையும் உள்ள விடமாட்டேன். உனக்கு இன்னிக்கு வேலையே இல்ல."

 லென்னி கட்டைவிரலை ஸ்விட்சிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். சட்டையில் சிந்தியிருந்த இறைச்சிப் பாஸ்டியின் எண்ணெய் கண்ணாடிக்கு வந்தது. இன்னொரு நுனியில் துடைத்தார். அதற்குள் ஒரு பக் கம்பத்தில் பட்டு 'டங்'கென்று ஒலித்தது. உள்ளேயா? வெளியே. வெளியேதான். ஒவெலெட் அதைக் கையுறைக்குள் அமுக்கி நின்றான். வெளியே என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் தெரிகிறது என்பதையே இப்போது இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வேலை பெரிய வேலை இல்லை. கோல் கோடு சிவப்பு. பக் கறுப்பு. பனி வெள்ளை. கோட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டுக்கும் பக்குக்கும் நடுவில், நூலளவாவது வெள்ளை தெரிய வேண்டும். தெரிந்தால் கோல். தெரியாவிட்டால் இல்லை. ஆள் பார்க்கக் கூடாது, சட்டை நிறம் பார்க்கக் கூடாது, பாட்டிலைப் பார்க்கவே கூடாது. அப்பா இதைத்தான் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார், கேட்பதற்கு ஆளில்லாதபோதும்.

கடைசி நிமிஷம் வந்தது. லாந்தர்ஸ் தங்கள் கோல்கீப்பரையே வெளியே இழுத்துவிட்டு, ஆறாவது ஆளைத் தாக்க இறக்கினார்கள். அரங்கம் எழுந்து நின்றது. மர இருக்கைகள் மடங்கிய சத்தம் கூண்டுவரை கேட்டது.

பக் மூலையிலிருந்து வந்தது. யாரோ அடித்தார்கள், ஒவெலெட்டின் காலில் பட்டுத் தெறித்தது. இன்னொருவன் அடித்தான், மட்டை முறிந்தது. நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தக் குவியலின் ஓரத்தில், நொண்டிக்கொண்டு, கர்ட் வந்தான். இரண்டடி தூரத்திலிருந்து பக்கைத் தள்ளினான். ஒவெலெட் மல்லாந்து விழுந்து காலை நீட்டினான். காலில் கட்டிய காப்புப் பட்டைக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருந்தது.

லென்னி அந்த இடுக்கைப் பார்த்தார். சிவப்பு. அதன்மேல் கறுப்பு. கறுப்பு நகர்ந்தது. நின்றது. சிவப்பின் ஒரு விளிம்பு கறுப்புக்கு அடியில் இன்னும் தெரிந்தது. வெள்ளை எங்கே? வெள்ளை வரும் என்று பார்த்தார். வெள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தார். அவர் வாழ்நாளில் வெறும் வெள்ளைக்காக அவ்வளவு உருகிப் பார்த்ததில்லை. அதற்குள் கால் பட்டை மடிந்து எல்லாவற்றையும் மூடியது.

கர்ட் இரண்டு கைகளையும் தூக்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மாப்பிள்ளையின் முகம். வாயோரம் ரத்தம்.

"விளக்கு! லென்னி, விளக்கப் போடுங்க!"

அரங்கம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. விளக்கு, விளக்கு, விளக்கு. கால்களால் பலகையை மிதித்தார்கள். கூண்டு அதிர்ந்தது. மேலே எங்கேயோ ரூத் இருக்கிறாள், அவர் மனைவி சில்வி இருக்கிறாள், நாளைக்கு பஸ்ஸில் ஏறப்போகிற பிள்ளைகளெல்லாம் இருக்கிறார்கள். கட்டைவிரல் ஸ்விட்ச் மேல் இருந்தது. அழுத்தினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு முன் கேட்காமலே அழுத்தின விரல்தானே?

அழுத்தவில்லை.

விசில் ஒலித்தது. டக்கெட் குவியலைச் சுற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கும் கூண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வாயை வைத்தார்.

"எனக்கு ஆளுங்க மறைச்சுட்டாங்க. நான் பாக்கல. நீ பாத்தியா?"

 டக்கெட் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. இந்த அரங்கத்தில் இப்போது உண்மை என்பது லென்னி காங்கஸ் எதைச் சொல்கிறாரோ அது. 'ஆமா' என்று ஒரு சொல். ஊர் தோளில் தூக்கிக்கொண்டு போகும். கர்ட்டுக்கு இன்னும் சில ஆட்டங்கள் கிடைக்கும். அப்பாவின் பெயர்கூட அதோடு கழுவப்பட்டுவிடும்.

"பாத்தேன்."

"சொல்லு."

"சொல்லுங்க லென்னி!" என்றான் கர்ட்.

"உள்ள இல்ல தாத்தா" என்றான் ஒவெலெட், படுத்தபடியே.

"நீ வாய மூடு" என்றார் டக்கெட். "நீ சொல்லு."

"கோட்டு மேல பாத்தேன். முழுசாத் தாண்டி நான் பாக்கல."

"நிச்சயமா?"

"அந்தப் பாட்டிலும் எனக்கு நிச்சயமாத்தான் இருந்துச்சு சார்." லென்னியின் குரல் அவருக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. "நிச்சயத்தப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க. பாத்தத சொல்லிட்டேன்."

 டக்கெட் தளத்தின் நடுவுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்தார். இந்தத் தடவை அவர் ஆடுகிறார் என்று யாரும் நினைக்கவில்லை.

கர்ட் கைகளை இறக்கவில்லை. மிச்சமிருந்த நொடிகள் ஆடி முடிந்து மணி அடிக்கும்போதுதான், யாரோ ஒருவன் வந்து தோளைத் தட்டி அவனைக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு காபிக் கோப்பை வந்து கூண்டின் கம்பிவலையில் மோதி, சூடில்லாமல் வழிந்தது. மற்றபடி யாரும் எதுவும் எறியவில்லை. எறிய ஒன்றும் மிச்சமில்லை.

*

வாசலில், ஹார்வியின் படத்துக்குக் கீழே, சில்வி கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, பனிக்குவியல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"சாவியக் குடு" என்றாள்.

"எனக்குக் கண்ணு தெரியும்."

"தெரியும்னுதான் சொல்றேன். கை நடுங்குது பாரு." சாவியை வாங்கிக்கொண்டாள். "நம்ம வீட்டுக்கா, ரூத் வீட்டுக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மாலைச் சாப்பாடு எப்போதும் ரூத் வீட்டில்தான். லென்னி யோசித்தார்.

"ரெண்டு எடத்துலயும் திட்டு உண்டு. ரூத் வீட்டுல சாப்பாடும் உண்டு."

"நான் எங்க திட்டினேன்?"

"போற வழியில ஆரம்பிப்ப."

சில்வி திட்டவில்லை.  அதனால் லென்னிக்கு இன்னும் பயம் கூடியது.

ரூத் கதவைத் திறந்தாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், ஆனால் காற்றில். "பூட்ஸ வெளிய விடுங்கப்பா, பனி ஒட்டியிருக்கு." அவ்வளவுதான். அடுப்படியில் மாட்டிறைச்சியும் மஞ்சள் நூல்கோலும் வெந்துகொண்டிருந்தன. அவள் உருளைக்கிழங்கை மசித்த விதத்தைப் பார்த்தால் அது அவளுக்கு ஏதோ துரோகம் செய்ததுபோல் இருந்தது.

கர்ட் முன்பே வந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் இரண்டு கால்களையும் நீட்டி, முட்டிக்கு ஒன்றாக உறைந்த பட்டாணிப் பைகளை வைத்திருந்தான். உதட்டில் தையல். லென்னியைப் பார்த்துத் தலையை அசைத்தான். லென்னியும் அசைத்தார்.

"சிம்னியில புகை நல்லாப் போகுதா?" என்று கேட்டார் லென்னி.

"போகுது."

"காத்து திரும்பியிருக்கு."

"ஆமா. வடக்கால."

வானிலை. இந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

சுவரில் தொலைபேசி அடித்தது. கர்ட் கையை நீட்டி எடுத்தான். மறுமுனைக் குரல் மேசை வரைக்கும் கேட்டது. கொள்ளையடிச்சுட்டாங்கடா உன்ன, பட்டப்பகல் கொள்ளை. "ஆமா... தேங்க்ஸ்... பரவால்ல... இருக்காரு, இங்கதான் இருக்காரு... சரி." வைத்தான். மறுபடி அடித்தது. "ஆமா... எல்லாரும் பாத்தாங்க... தேங்க்ஸ்." மூன்றாவது தடவை பேசினது ஓஸ்கர் பெரால்ட். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை: "உங்க தாத்தாவுக்கு நடந்ததேதான்டா! படம் எடுத்திருக்காங்க, வாசல்ல அவருக்குப் பக்கத்துலயே மாட்டிடலாம்!"

கர்ட் 'ம்' என்றான். வைத்தான்.

ரூத் தட்டுகளை வைத்தாள். யாரும் கரண்டியைத் தொடவில்லை. லென்னிக்கு ஒரு நகைச்சுவை நாக்கு நுனி வரை வந்தது, கரடியைப் பற்றி ஏதோ. அதை விழுங்கினார்.

"கர்ட், ஒண்ணு கேக்கணும்."

"சாப்பிடுங்க லென்னி. ஆறிடும்."

"உள்ள போச்சா?"

ரூத்தின் கையில் அகப்பை அப்படியே நின்றது. கர்ட் பட்டாணிப் பையைத் தூக்கித் திருப்பி வைத்தான்.

"நான்தான் கை தூக்கினேனே."

"கை தூக்கினியான்னு கேக்கல."

"ஊரே உள்ளதான்னு சொல்லுது."

"ஊரு கூண்டுல இல்ல. நீ அங்க இருந்த. உன் மட்டை நுனியில இருந்துச்சு. நீயும் நானும்தான் பாத்தோம்."

"அப்பா, விடுங்களேன்" என்றாள் ரூத். "முடிஞ்சு போச்சு. அவருக்கு இன்னிக்கோட முடிஞ்சு போச்சு. இன்னும் எதுக்கு நோண்டறீங்க?"

"எனக்கு முடியலம்மா." லென்னி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மொத தடவ நான் தப்பாப் போட்டேன். அது பாட்டில். அத நூறு பேர் சொல்லிட்டாங்க, ஒத்துக்கிட்டேன். ஆனா ரெண்டாவது தடவ நான் கண்ணத் தொறந்து பாத்தேன். இது உள்ள போயிருந்துச்சுன்னா, எனக்குக் கண்ணு போயிருச்சுன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல பஸ் சாவியக் குடுத்துடறேன். ரோஷத்துல இல்ல. அதுல பிள்ளைங்க உக்காந்திருக்கு. நீ ஆறுதலுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். மரியாதைக்கும் சொல்ல வேணாம். உள்ள போச்சுன்னா போச்சுன்னு சொல்லு, நான் இந்தக் கறியத் தின்னுட்டுப் போய்த் தூங்கறேன்."

 சில்வி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி மறுபடி அடித்தது. கர்ட் அதைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு ஓய்ந்தது.

கர்ட் பட்டாணிப் பைகளை எடுத்துத் தரையில் போட்டான். கால்களை ஒவ்வொன்றாக, வலியோடு, இறக்கினான். மேசைக்கு நேராக உட்கார்ந்தான். தையல் போட்ட உதடு சரியாகத் திறக்கவில்லை.

"எங்க தாத்தாவோடது எனக்குத் தெரியாது" என்றான். "என்னோடது போகல லென்னி. கோட்டு மேலதான் நின்னுச்சு. கை தூக்கும்போதே எனக்குத் தெரியும்."